ஸ்லிங்கில் வைத்தபடியே குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா?

பிறந்து இரண்டு மாதமான குழந்தை. வீட்டில் குழந்தையை நெஞ்சோடு கட்டிச் சுமக்க ஒரு ரிங் ஸ்லிங்கும் (இரண்டு வளையங்களில் கோத்துத் தோளில் போடும் துணி) பக்கிள் வைத்த கேரியர் ஒன்றும் (தோளிலும் இடுப்பிலும் பட்டைகளால் மாட்டுவது) இருக்கின்றன. குழந்தையை அதில் கட்டிக்கொண்டு, கை இரண்டும் சும்மா இருக்க, வேலை பார்த்தபடியே தாய்ப்பால் கொடுக்க முடியுமா, எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டு மாதக் குழந்தைக்கு ஸ்லிங்கில் வைத்தபடி பால் கொடுக்க வேண்டாம். வெளியே எடுங்கள், உட்கார்ந்து கொடுங்கள், ஏப்பம் விட வையுங்கள், பிறகு மறுபடி கட்டிக்கொள்ளுங்கள். நான்கு மாதம் தாண்டி கழுத்து நன்றாக நின்ற பிறகும் வெளியே எடுத்துக் கொடுப்பதுதான் நல்லது. அப்போது எப்போதாவது ஸ்லிங்கிலேயே கொடுக்க நேர்ந்தால், நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும், ஒரு கை குழந்தையின் மேல் இருக்க வேண்டும், கண் அதன் முகத்தை விட்டு நகரக் கூடாது. கையை விட்டுவிட்டுக் கொடுப்பது எந்த வயதிலும் கூடாது.

இதைப் பற்றி நீங்கள் வீடியோக்கள் பார்த்திருந்தால், அவை வேறு மாதிரி சொல்லியிருக்கும். அவற்றில் பல பழையவை. 2010 மார்ச்சில் அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், ஸ்லிங்குகளில் குழந்தைகள் மூச்சடைத்து இறப்பதைப் பற்றி எச்சரித்தது. அதற்கு முந்தைய 20 ஆண்டுகளில் பதிவான 14 இறப்புகளில் 12 குழந்தைகள் நான்கு மாதத்துக்கும் குறைந்தவை. அதே மாதம் இன்ஃபான்டினோ நிறுவனத்தின் பை போன்ற ஸ்லிங்குகள் சுமார் 10 லட்சம் திரும்பப் பெறப்பட்டன. இதெல்லாம் பொதுவாகச் சுமப்பதைப் பற்றியது. பால் கொடுப்பது பற்றிய அறிவுரை இறுகியது அண்மையில்தான். 2023 அக்டோபரில் லண்டனில் ஏழு வாரக் குழந்தை ஒன்று, தாய் வீட்டுக்குள் நடமாடியபடி ஸ்லிங்கில் வைத்துப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது சில நிமிடங்களில் துவண்டு போனது. மூன்று நாள் கழித்து இறந்தது. அந்தத் தாய் எதையும் அலட்சியமாகச் செய்தவர் அல்ல. சிறு குழந்தைக்கு ஸ்லிங்கில் பால் கொடுப்பதில் உள்ள ஆபத்தைத் தெளிவாகச் சொல்லும் வழிகாட்டல் போதுமான அளவு இல்லை என்பதைத்தான் மரண விசாரணை அதிகாரி சுட்டிக்காட்டினார். அதன் பிறகே பிரிட்டனின் குழந்தை நல அமைப்புகள், கையை விட்டுப் பால் கொடுப்பது பாதுகாப்பானதல்ல, பால் கொடுக்கும்போது குழந்தையை வெளியே எடுங்கள் என்று தங்கள் அறிவுரையை மாற்றின.

ஏன் இவ்வளவு சீக்கிரம் விபரீதம் நடக்கிறது என்பது புரிந்துவிட்டால் மற்ற விதிகள் தானாகவே நினைவில் நிற்கும். கைக்குழந்தையின் தலை, உடலோடு ஒப்பிட்டால் மிகப் பெரியது. அதைத் தாங்கும் கழுத்துத் தசைகளோ இன்னும் பலப்படாதவை. மூச்சுக்குழாய் குறுகலானது, மென்மையானது. முகவாய் நெஞ்சில் பதியும் அளவுக்குத் தலை முன்னால் சரிந்தால் அந்தக் குழாய் மடங்குகிறது. முதல் சில மாதங்களில் குழந்தைகள் பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான் மூச்சு விடும். மார்பிலோ துணியிலோ மூக்கு அழுந்தினால், வாயில் காம்பும் இருந்தால், வேறு வழியே இல்லை. படுக்கையில் பால் குடிக்கும் குழந்தை மூச்சு முட்டினால் தலையைப் பின்னுக்கு இழுத்து வாயை விட்டுவிடும். ஸ்லிங் துணி பின்னந்தலையை அணைத்துப் பிடித்திருக்கும்போது அதற்கு இழுக்க இடம் இருக்காது. அழுவதற்கும் காற்று வேண்டும். அதனால் சத்தமே இல்லாமல், ஓரிரு நிமிடத்தில் எல்லாம் நடந்துவிடுகிறது. குனிந்து பார்க்கும் அம்மாவுக்குக் குழந்தை பால் குடித்துத் தூங்கிவிட்டது போலத்தான் தெரியும்.

குழந்தையைச் சுமப்பதற்கு ஐந்து விதிகள் உண்டு. அவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து பிரிட்டனில் டிக்ஸ் (TICKS) என்று சொல்வார்கள். துணி இறுக்கமாக இருக்க வேண்டும். முகம் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நீங்கள் தலையைச் சாய்த்தால் உச்சந்தலையில் முத்தம் கொடுக்க எட்ட வேண்டும். முகவாய்க்கும் நெஞ்சுக்கும் இடையே குறைந்தது ஒரு விரல் நுழைய வேண்டும். முதுகு தளராமல் நேராகத் தாங்கப்பட வேண்டும். இப்போது பால் கொடுக்க என்ன செய்கிறோம் என்று யோசியுங்கள்: துணியைத் தளர்த்தி, குழந்தையைக் கீழே இறக்கி, முகத்தை மார்புக்குள் திருப்புகிறோம். முத்தம் எட்டுவதில்லை, முகம் தெரிவதில்லை, இறுக்கம் போய்விடுகிறது, முதுகு வளைகிறது, முகவாய் நெஞ்சை நோக்கிப் போகிறது. சுமப்பதற்கு ஸ்லிங்கைப் பாதுகாப்பாக வைத்திருக்கும் விதிகளில் ஏறக்குறைய ஐந்துமே பால் கொடுக்கும் நிலையில் தளர்ந்துவிடுகின்றன. விட்டுப்போன அந்த ஐந்தின் வேலையை உங்கள் கையும் கண்ணும் செய்தாக வேண்டும். அதே கைகள் அந்த நேரத்தில் பாத்திரம் கழுவ முடியாது.

அப்படியென்றால் தாய்ப்பாலுக்கு ஸ்லிங்கால் பயனே இல்லையா? நிறைய இருக்கிறது. ஆனால் அது பால் கொடுப்பதற்கு முன்னும் பின்னும் கிடைக்கிற பயன்.

முன்னால்: பச்சிளம் குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை குடிக்க வேண்டும். பசிக்கிறது என்பதை அது முதலில் அழுது சொல்வதில்லை. நெஞ்சில் முகத்தைத் தேய்க்கும், வாயைத் திறந்து இரண்டு பக்கமும் தேடும், கையை வாய்க்குக் கொண்டுபோகும், நாக்கை நீட்டும். அழுகை கடைசியில் வருவது. வீறிட்டு அழும் குழந்தையை மார்பைப் பிடிக்க வைப்பதும் கடினம். உங்கள் நெஞ்சோடு கட்டிய குழந்தை முகத்தைத் தேய்க்கத் தொடங்கும்போதே உங்களுக்குத் தெரிந்துவிடும். அப்போதே எடுத்துக் கொடுத்தால் அமைதியாகப் பிடித்துக் குடிக்கும்.

பின்னால்: குடித்து ஏப்பம் விட்ட குழந்தையை நிமிர்ந்த நிலையில் 15, 20 நிமிடம் வைத்திருந்தால் பால் கக்குவது குறையும். அந்த நேரத்துக்கு ஸ்லிங் மிகப் பொருத்தம். சாயங்காலத்தில் காரணமில்லாமல் அழும் குழந்தைகளுக்கும் இது உதவுகிறது. கனடாவின் மான்ட்ரியலில் ஹன்ஸிகர், பார் என்ற இரு ஆய்வாளர்கள் செய்து 1986இல் வெளியிட்ட ஆய்வில், கூடுதலாகத் தூக்கி வைக்கப்பட்ட குழந்தைகள் ஆறு வார வயதில் 43 சதவீதம் குறைவாக அழுதன. உங்களுக்குக் கை வேண்டிய நேரம் இதுதான். குடித்து முடித்து, நிமிர்ந்து, இறுக்கமாக, முகம் தெரியக் கட்டப்பட்ட குழந்தையோடு துணி மடிக்கலாம், போனில் பேசலாம், நடக்கலாம். அடுப்படி மட்டும் வேண்டாம். கடுகு வெடிப்பதும் கொதிக்கும் ஆவியும் சரியாகக் குழந்தையின் முதுகு, தலை உயரத்தில்தான் வரும்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. உடலின் சூட்டிலும் அசைவிலும் பச்சிளம் குழந்தை ஸ்லிங்கில் நன்றாகத் தூங்கிவிடும். பசித்தாலும் எழாமல் தூங்கும். பிறந்த எடையை இன்னும் எட்டாத முதல் இரண்டு மூன்று வாரங்களில் இது உண்மையான சிக்கல். சமர்த்தாகத் தூங்குகிறது என்று நான்கைந்து மணி நேரம் விட்டுவிட்டால் எடையும் ஏறாது, பால் சுரப்பும் குறையும். இரண்டு, அதிகம் போனால் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை வெளியே எடுத்து, துணியைத் தளர்த்தி, உள்ளங்காலைத் தடவி எழுப்பிக் கொடுங்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு தடவையாவது நன்றாகச் சிறுநீர் கழித்தால் பால் போதுகிறது என்று பொருள்.

இனி, நான்கு மாதம் தாண்டிய குழந்தைக்கு எப்போதாவது ஸ்லிங்கிலேயே கொடுக்க நேர்ந்தால். கழுத்து நின்றிருக்க வேண்டும்: உட்கார வைத்துப் பிடித்தால் தலை ஆடாமல் நிற்க வேண்டும், தானாகவே இரண்டு பக்கமும் திருப்ப வேண்டும். குறைமாதத்தில் பிறந்தது, எடை குறைவானது, சளி பிடித்து மூக்கடைத்திருப்பது, அடிக்கடி எதுக்களிப்பது, தசை தளர்ச்சி உள்ளது என்றால் நான்கு மாதக் கணக்கு பொருந்தாது. வெளியே எடுத்துத்தான் கொடுக்க வேண்டும். முதலில் மடியில் வைத்துக் கொடுப்பதில் உங்கள் இருவருக்கும் சிரமம் இல்லாமல் இருக்க வேண்டும். மடியிலேயே பிடிக்கத் தடுமாறும் குழந்தை ஸ்லிங்கில் சரியாகப் பிடிக்காது. உங்களுக்குக் காம்பு வெடிப்புதான் மிஞ்சும்.

ரிங் ஸ்லிங்கில் இப்படி: சுவரில் முதுகு சாய்த்தோ, கைப்பிடி உள்ள நாற்காலியிலோ உட்காருங்கள். குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டி, முழங்கால்கள் அதன் பிட்டத்தைவிடச் சற்று உயரத்தில் இருக்கட்டும். ஒரு கையால் பிட்டத்தைத் தாங்கி முழு எடையையும் அந்தக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். எடை துணியில் இருக்கும்போது தளர்த்தினால் குழந்தை சடாரென்று கீழே இறங்கும். அடுத்த கையால் மேல் வளையத்தைப் பிடித்துச் சற்று மேலே சாய்த்தால் துணி வழுகும். அங்குலம் அங்குலமாக விடுங்கள். வாய் காம்பின் உயரத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். பெரும்பாலும் நான்கு விரற்கடை போதும். துணியின் மேல் விளிம்பு பிடரியில் முடிய வேண்டும். அது பின்னந்தலை மேல் ஏறியிருந்தால் மடித்துக் கீழே இறக்குங்கள். தலையைப் பின்னுக்கு இழுக்க வழி வேண்டும். மார்பைக் கீழிருந்து கையால் தாங்கி, காம்பு குழந்தையின் மூக்குக்கு நேராக வருமாறு பிடியுங்கள். அப்போது குழந்தை தலையைச் சற்றே பின்னுக்குச் சாய்த்து, வாயை அகலத் திறந்து, முகவாய் முதலில் மார்பைத் தொடும்படி வரும். காம்பைச் சுற்றிய கரிய வட்டத்தின் கீழ்ப்பகுதி அதிகமாக வாய்க்குள் போயிருக்க வேண்டும். மூக்கு வெளியே தெரிய வேண்டும். பின்னந்தலையைப் பிடித்து அழுத்தாதீர்கள். அழுத்தினால் முகவாய் குனிந்து மூக்கு புதையும்.

மார்பு பெரிதாக இருப்பவர்களுக்குக் காம்பு கீழ் நோக்கி இருக்கும். அதற்காகக் குழந்தையை இன்னும் கீழே இறக்கினால் முகம் மார்புக்கு அடியில் போய்விடும். குழந்தையை இறக்காமல், சிறிய கைத்துண்டைச் சுருட்டி மார்புக்கு அடியில் வைத்துக் காம்பை உயர்த்துங்கள்.

சிலர் ரிங் ஸ்லிங்கில் குழந்தையைக் குறுக்காகப் படுக்க வைத்துத் தொட்டில் போலக் கொடுப்பார்கள். தூளியில் தூங்கிப் பழகிய நம் கண்ணுக்கு அது இயல்பாகத் தெரியும். அதை அறவே விட்டுவிடுங்கள். துணியின் பள்ளத்தில் உடல் வளைந்து முகவாய் நெஞ்சில் பதிவதும், துணி முகத்தின் மேல் மூடிக்கொள்வதும் அந்த நிலையில்தான் மிக எளிதில் நடக்கிறது.

பக்கிள் கேரியர் என்றால், இடுப்புப் பட்டையை முதலிலேயே வயிற்றில் கட்டாமல் இடுப்பெலும்பு வரை இறக்கிக் கட்டியிருந்தால் தோள் பட்டைகளைக் கொஞ்சம் தளர்த்தினாலே உயரம் சரியாகிவிடும். கொடுக்கும் பக்கத்துத் தோள் பட்டையை மட்டும் தளர்த்துங்கள். பின்புறம் தோள்களை இணைக்கும் குறுக்குப் பட்டையைக் கழற்ற வேண்டாம். தோள் பட்டை நழுவிவிடும். தலைமறைப்புத் துணியைப் போடாதீர்கள். ஐந்து மீட்டர் நீளத்துக்குச் சுற்றிக் கட்டும் நெகிழ்துணி ராப் வைத்திருப்பவர்கள் அதில் பால் கொடுக்க முயலவே வேண்டாம். இழுத்தால் நீளும் துணி அது. ஒரு தடவை தளர்ந்தால் முழுவதும் அவிழ்த்துக் கட்டினால்தான் மறுபடி இறுகும்.

குடிக்கும் நேரம் முழுக்க விழுங்கும் சத்தத்தைக் கேளுங்கள். இரண்டு மூன்று தடவை உறிஞ்சி ஒரு விழுங்கல் என்று வர வேண்டும். பால் வேகமாகப் பீய்ச்சுபவர்கள், முதல் வேகத்தைக் கையால் ஒரு துணியில் பீச்சி எடுத்துவிட்டுக் கொடுங்கள். விழுங்குவது நின்று வெறுமனே வாயில் வைத்துக்கொண்டு கண் செருகினால் முடிந்தது என்று பொருள். அப்படியே தூங்க விடுவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. சுண்டு விரலை வாயோரத்தில் நுழைத்துப் பிடியை விடுவியுங்கள், மார்பை உள்ளே விடுங்கள், பிட்டத்தைத் தாங்கிக் குழந்தையை முத்தம் எட்டும் உயரத்துக்கு மேலே தூக்குங்கள், தொங்கும் துணியை மேல் விளிம்பு, நடு, கீழ் விளிம்பு என்று தனித்தனியாக இழுத்து இறுக்குங்கள், முகவாய்க்குக் கீழே விரல் நுழைகிறதா பாருங்கள். இதை ஒவ்வொரு தடவையும் செய்ய முடியாத சோர்வு இருந்தால், அன்று ஸ்லிங்கில் கொடுக்காதீர்கள். இரவில், தூக்கக் கலக்கத்தில், தூங்க வைக்கும் மாத்திரை எடுத்திருக்கும்போது கண்டிப்பாகக் கூடாது. புட்டிப்பாலுக்கும் இதே விதிதான். பீச்சி வைத்த தாய்ப்பாலாக இருந்தாலும் குழந்தையை வெளியே எடுத்துத்தான் கொடுக்க வேண்டும்.

உடை விஷயத்தில், முன்னால் ஜிப் வைத்த நைட்டி, அல்லது உள்ளே ஒரு பனியனும் மேலே தளர்ந்த சட்டையும் வசதி. புடவை என்றால் கட்டுவதற்கு முன் தோள் ஊக்கைக் கழற்றிவிடுங்கள். தாலிக்கயிற்றில் ஊக்கு கோத்து வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் அதையும் எடுத்துவிடுங்கள். அது தொங்குவது சரியாகக் குழந்தையின் கன்னத்துக்கு நேரே. ப்ளவுஸ் கொக்கியைக் கீழிருந்து இரண்டு மூன்று அவிழ்த்தால் போதும் என்று மார்பை இறுக்கமான துணிக்கு அடியிலிருந்து வெளியே எடுப்பதும், ஸ்லிங் விளிம்பு மார்பின் மேல் மணிக்கணக்கில் அழுந்துவதும் பால் கட்டிக்கொள்ளக் காரணமாகும். ஒரே இடத்தில் கெட்டியாக, தொட்டால் வலியாக இருந்தால் பட்டை படும் இடத்தை முதலில் மாற்றிப் பாருங்கள். காய்ச்சலும் சிவப்பும் சேர்ந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

முந்தானையாலோ துப்பட்டாவாலோ குழந்தையை முழுவதும் மூடிக்கொண்டு கொடுப்பது நம் ஊரில் மிகச் சாதாரணம். மடியில் கொடுக்கும்போதாவது குழந்தை அசைந்தால் தெரியும். ஸ்லிங்குக்குள் வைத்து அதன் மேல் இன்னொரு துணியையும் போர்த்தினால் முகமும் தெரியாது, காற்றும் போகாது, வெயில் காலத்தில் உள்ளே புழுங்கும். வெளியே போன இடத்தில் மறைவு வேண்டுமென்றால் துணியை உங்கள் தோளிலிருந்து பக்கவாட்டில் விடுங்கள், குழந்தையின் முகத்துக்கு மேல் அல்ல. தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் 2015 முதல் பாலூட்டும் அறைகள் இருக்கின்றன. அங்கே உட்கார்ந்து குழந்தையை வெளியே எடுத்து நிதானமாகக் கொடுங்கள். ஓடும் பேருந்திலும் ஆட்டோவிலும் ஸ்லிங்கில் வைத்துக் கொடுக்க வேண்டாம். ஒரு பிரேக்கில் முகம் அழுந்திவிடும்.

வெயிலைப் பற்றி ஒன்று. சித்திரை, வைகாசியில் இரண்டு உடல்கள் ஒட்டியிருப்பதே ஒரு போர்வைக்குச் சமம். குழந்தைக்கு மெல்லிய ஒற்றைச் சட்டை போதும். கை, காலைத் தொட்டுப் பார்க்காமல் பிடரியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக, வியர்த்து இருந்தால் எடுத்துவிடுங்கள். ஆறு மாதம் வரை தண்ணீர் கொடுக்கத் தேவையில்லை. கூடுதலாக ஒன்றிரண்டு தடவை பால் கொடுத்தால் போதும்.

மருத்துவமனையில் கங்காரு பராமரிப்பு என்று நெஞ்சில் கட்டச் சொன்னார்களே, அதுவும் இதுவும் ஒன்றுதானே என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கிய அந்த முறையில், தாய் சற்றுச் சாய்ந்திருக்க, குழந்தையின் தலை ஒரு பக்கம் திரும்பிச் சற்றே நிமிர்ந்த நிலையில் வைக்கப்படுகிறது, செவிலியர்கள் கவனிக்கிறார்கள், பால் கொடுக்கக் கட்டைத் தளர்த்தி, குழந்தையைக் கையில் பிடித்துக் கொடுக்கிறார்கள். கட்டியபடி நடமாடிக்கொண்டு கொடுக்க யாரும் சொல்வதில்லை.

உங்கள் கேரியரின் கையேட்டில் குறைந்தபட்ச எடை எவ்வளவு என்று பாருங்கள். பல கேரியர்களில் 3.2 அல்லது 3.5 கிலோ என்று இருக்கும்.  நம் குழந்தைகள் பல 2.5 முதல் 3 கிலோவில் பிறக்கின்றன. பிறந்த முதல் வாரத்திலிருந்தே பயன்படுத்தலாம் என்று விளம்பரத்தில் எழுதியிருந்தாலும், எடை எட்டும் வரை அந்தக் கேரியர் உங்கள் குழந்தைக்குப் பெரிது. உள்ளே சரிந்து சுருண்டுவிடும். ரிங் ஸ்லிங்கில் வளையங்கள் ஒட்டோ வெல்டிங் மூட்டோ இல்லாத, சுமை தாங்குவதற்கென்றே செய்தவையா என்று பாருங்கள். திரைச்சீலைக்கும் கைவினைக்கும் விற்கும் வளையத்தைப் போட்டு வீட்டில் தைத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக, ஏதாவது நடந்தால். உதட்டைச் சுற்றி நீலம் பாய்வது, மூக்குத் துளைகள் விடைப்பது, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகல் அல்லது விசில் சத்தம், உடல் துவள்வது, இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் துணியை அவிழ்க்க நேரம் செலவிடாமல் அக்குளில் கை கொடுத்து மேலே உருவி எடுங்கள். பக்கிள் என்றால் குழந்தையை அணைத்தபடி தோள் பக்கிளைத் தட்டிவிடுங்கள். பால் புரையேறி இரும முடியாமல் திணறினால், முன்னங்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்டுங்கள். சரியாகாவிட்டால் மல்லாத்தி, நெஞ்சின் நடு எலும்பில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை அழுத்துங்கள். மாறி மாறிச் செய்யுங்கள். குழந்தை அசைவற்று, மூச்சில்லாமல் இருந்தால் கெட்டியான தரையில் மல்லாத்திக் கிடத்தி, இந்தியாவில் 108, இலங்கையில் 1990 என்ற எண்ணை ஸ்பீக்கரில் அழைத்தபடியே, நெஞ்சின் நடுவில் நெஞ்சின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு அமுங்கும்படி 30 அழுத்தம், குழந்தையின் மூக்கையும் வாயையும் உங்கள் வாயால் சேர்த்து மூடி மெதுவாக இரண்டு ஊதல் என்று உதவி வரும் வரை தொடருங்கள். இதை வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் எல்லோரும், பாட்டி உட்பட, ஒரு பொம்மையை வைத்து ஒரு தடவையாவது செய்து பார்த்திருக்க வேண்டும்.